ஊர்ப்பக்கத்து வென்ச்சர் ஃபண்டிடம் பணம் வாங்கும் முன்: கடலூர், பாண்டி மென்பொருள்காரர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டிலும் பாண்டி மேட்டுப்பாளையத்திலும் இருக்கிற தொழிற்சாலைகளுக்கு நாங்கள் மென்பொருள் செய்கிறோம். மெஷின் பராமரிப்புக் கணக்கு ஒன்று. வெல்டிங், தொட்டிக்குள் இறங்குவது மாதிரி ஆபத்தான வேலைக்கு முன் கையெழுத்து வாங்குகிற வொர்க் பெர்மிட் இன்னொன்று. இரண்டையும் காகிதத்திலிருந்து செல்போனுக்குக் கொண்டுவருவதுதான் தொழில். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டு மாடியில் ஆறு பேராகத் தொடங்கினோம். முதலீடு தேடியதில் ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டோம், அடுத்த தடவை வாங்கினோம். அதிலிருந்து இந்தப் பக்கத்துப் பையன்களும் பெண்களும் போன் செய்து கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருப்பதால் எழுதியே வைத்துவிட்டேன்.

வென்ச்சர் கேப்பிடல் என்றால் கடனா? திருப்பித் தர வேண்டுமா?

கடன் இல்லை. மாதத் தவணை கிடையாது, அடமானம் கிடையாது. உங்கள் நிறுவனத்தில் ஒரு பங்கை விற்றுப் பணம் வாங்குகிறீர்கள். நிறுவனம் மூடிப்போனால் அவர்கள் பணமும் போனது, அவ்வளவுதான்.

மஞ்சக்குப்பத்தில் கடை வைத்திருக்கும் மாமா ஒருவர், "அப்போ சீட்டு மாதிரியா?" என்றார். நல்ல கேள்வி. சீட்டில் இருபது பேர் சேர்ந்தால் இருபது பேருக்கும் ஒரு முறை பணம் வந்துவிடும். இதில் இருபது நிறுவனத்தில் பணம் போடுவார்கள். பாதிக்கு மேல் தேறாது என்று தெரிந்தேதான் போடுவார்கள். ஒன்றிரண்டு பெரிதாக வளர்ந்து மற்ற எல்லாவற்றின் நஷ்டத்தையும் ஈடுகட்ட வேண்டும். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் அவர்கள் பேசுகிற மற்ற எல்லாமே புரிந்துவிடும்.

பெங்களூரில் பெரிய ஃபண்டுகள் இருக்கும்போது ஊர்ப்பக்கத்து ஃபண்ட் எதற்கு?

சின்னத் தொகை போடுவார்கள். 50 லட்சம், ஒன்றரைக் கோடி என்று தொடங்குவார்கள். பெரிய ஃபண்டுக்கு அந்தத் தொகை அதற்கு ஆகும் பேப்பர் வேலைக்கே காணாது.

இன்னொரு லாபம், அவர்களுக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்பதில் இருக்கிறது. சென்னை, கோவைப் பக்கத்து ஃபண்டுகளில் பணம் போடுகிறவர்களில் ஜவுளி, வாகன உதிரிபாகம், மருத்துவமனை, கல்லூரி என்று தொழில் செய்யும் குடும்பங்கள் உண்டு. தொழில் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கிற நமக்கு அவர்களே முதல் வாடிக்கையாளர் ஆகலாம். சிப்காட்டில் ஒரு கெமிக்கல் ஆலையின் மேனேஜரைப் பார்க்க நான்கு மாதம் முயன்றோம். எங்கள் ஃபண்டில் பணம் போட்ட ஒருவர் அந்த ஆலைக்கு டிரம் சப்ளை செய்பவர். அவர் ஒரு போன் போட்டார், மறுநாள் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார்கள்.

குறையும் அங்கேயே இருக்கிறது. அவர்கள் அறிமுகம் சென்னையைச் சுற்றியே நிற்கும். அமெரிக்காவில் விற்க வேண்டிய மென்பொருள் என்றால் அந்த போன் உதவாது.

ஏஞ்சல் நெட்வொர்க்கையும் ஃபண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2007 முதல் இருக்கும் தி சென்னை ஏஞ்சல்ஸ் ஒரு நெட்வொர்க். அங்கே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தன் பணத்தைத் தானே முடிவுசெய்து போடுவார்கள். ஃபண்டில் மற்றவர்கள் பணத்தை ஒரு மேனேஜர் முடிவுசெய்து போடுகிறார். கீழே வருகிற கேள்விகள் ஃபண்டைப் பற்றியவை.

ஒரு ஃபண்டை எடைபோட முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

ஃபண்டின் அளவு, ஃபண்டின் வயது. ஃபண்டை நடத்துகிற பார்ட்னர் எவ்வளவு நல்லவர் என்பதெல்லாம் பிறகு. நல்ல மனிதர்தான், ஆனால் அவர் ஃபண்டின் கணக்கு அவரையே இழுத்துக்கொண்டு போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கோடி ஃபண்ட். நிர்வாகக் கட்டணம் வழக்கமாக வருடத்துக்கு 2 சதவீதம், 8 வருடத்துக்கு 10 கோடி அதிலேயே போய்விடும். மிச்சம் 50 கோடி. அதில் பாதியை, தேறுகிற நிறுவனங்களுக்கு இரண்டாம் சுற்றில் போட ஒதுக்கி வைப்பார்கள். மீதி 25 கோடியை 20 நிறுவனத்துக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒன்றேகால் கோடி. உங்களுக்கு வரும் செக் அதுதான்.

இனி அவர்கள் பக்கம். இந்த 60 கோடியைப் பேங்கில் 7 சதவீத வட்டிக்குப் போட்டு வைத்தாலே 8 வருடத்தில் 103 கோடி ஆகிவிடும். ரிஸ்க் எடுத்துக் கொடுத்தவர்கள் குறைந்தது மூன்று மடங்காவது எதிர்பார்ப்பார்கள், அதாவது 180 கோடி. கடைசியில் விற்கும்போது ஒவ்வொரு நிறுவனத்திலும் ஃபண்டின் பங்கு 10 சதவீதம் இருக்கிறது என்று வையுங்கள். 180 கோடி கையில் வர, 20 நிறுவனங்களின் மொத்த மதிப்பு 1,800 கோடி ஆக வேண்டும். பாதி மூடிப்போகும் என்று ஏற்கெனவே பார்த்தோம். ஆக, மிஞ்சுவதில் ஒன்றிரண்டாவது பல நூறு கோடிக்குப் போயே தீர வேண்டும்.

இப்போது உங்கள் நிறுவனத்தை ஒருவர் 30 கோடிக்குக் கேட்கிறார். உங்களிடம் 60 சதவீதம் இருந்தால் 18 கோடி. வில்லியனூரில் நிலம் வாங்கி, அம்மாவுக்கு வீடு கட்டி, அடுத்த தொழிலும் தொடங்கலாம். ஃபண்டுக்கு வருவது 3 கோடி. அவர்களுடைய 180 கோடியில் அது ஒரு மூலைக்குக்கூடக் காணாது. "இப்போ விற்காதீங்க, இன்னும் வளர்க்கலாம்" என்பார்கள். யார் மேலும் தப்பில்லை, கணக்கு வேறு.

அதனால் உங்கள் சந்தையை முதலில் எண்ணிப் பாருங்கள். உங்கள் மென்பொருளை வாங்கக்கூடிய ஆலைகள் 4,000, வருடக் கட்டணம் ஒன்றேகால் லட்சம் என்றால் எல்லோருமே வாங்கினாலும் வருடத்துக்கு 50 கோடிதான். எல்லோரும் வாங்கப் போவதில்லை. அந்தத் தொழில் நல்ல தொழில், மானமாக நடத்தலாம், ஆனால் 600 கோடி ஃபண்டுக்கு ஏற்றதில்லை. 40 கோடி, 60 கோடி ஃபண்டோடு பேசிப் பார்க்கலாம்.

வயது என்றால்?

ஃபண்டுக்கு ஆயுள் உண்டு. பெரும்பாலும் 8 முதல் 10 வருடம். அதற்குள் எல்லாவற்றையும் விற்றுக் கணக்கை முடித்து, பணம் கொடுத்தவர்களுக்குத் திருப்ப வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால், பணம் போட்டவர்களில் தொகை அளவில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்து அதிகபட்சம் இரண்டு வருடம் என்பது பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் விதி.

எட்டு வருட ஃபண்ட் உங்களிடம் வரும்போது அதற்கு வயது ஐந்து என்றால் மிச்சம் மூன்றே வருடம். தொழிற்சாலைக்கு மென்பொருள் விற்பவருக்கு மூன்று வருடம் என்பது முதல் இருபது வாடிக்கையாளரைப் பிடித்து, பட்ஜெட் மாதங்களுக்குக் காத்திருந்து, இரண்டு முறை ரினியூவல் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். நீங்கள் சூடு பிடிக்கிற நேரத்தில் அவர்கள் "யாருக்காவது விற்றுவிடலாமா" என்று ஆரம்பிப்பார்கள்.

நேராகக் கேளுங்கள்: "எந்த ஸ்கீமிலிருந்து போடுகிறீர்கள்? அதன் முதல் க்ளோஸ் எப்போது? ஆயுள் எத்தனை வருடம்?" ஒரே ஃபண்ட் தனித்தனியாகத் திரட்டும் ஒவ்வொரு தொகுப்பும் ஒரு ஸ்கீம். பணம் தருவதாக முதல் கட்ட ஆட்கள் எழுதிக் கொடுத்து முடித்தால் அது முதல் க்ளோஸ். இதற்குப் பதில் சொல்லத் தயங்குகிற பார்ட்னர், அதற்கு மேல் எதைச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம்.

செபி பதிவு கட்டாயமா?

பலரிடம் பணம் திரட்டி முதலீடு செய்கிறவர்களுக்குக் கட்டாயம். 2012-ஆம் ஆண்டின் மாற்று முதலீட்டு நிதி விதிமுறைகள், ஏ.ஐ.எஃப். விதிகள் என்பார்கள். வென்ச்சர் ஃபண்டுகள் முதல் வகையில் வருகின்றன. செபி இணையதளத்தில் பதிவான ஃபண்டுகளின் பட்டியல் இருக்கிறது. பதிவு எண்ணிலேயே எந்த வகை, எந்த நிதியாண்டு என்று தெரிந்துவிடும்.

சில விதிகள் உங்களுக்கும் உதவும். ஒரு ஸ்கீம் குறைந்தது 20 கோடி திரட்ட வேண்டும். பணம் போடுகிற ஒவ்வொருவரும் பொதுவாக ஒரு கோடிக்குக் குறையக்கூடாது. ஃபண்டின் மொத்தத் தொகையில் 2.5 சதவீதம் அல்லது 5 கோடி, எது குறைவோ அதை ஃபண்டை நடத்துகிறவர் தன் சொந்தப் பணத்திலிருந்து போட்டிருக்க வேண்டும். ஃபண்ட் தன் முதலீட்டுப் பணத்தில் 25 சதவீதத்துக்கு மேல் ஒரே நிறுவனத்தில் போடக்கூடாது.

பெயரில் "வென்ச்சர்ஸ்" என்று வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் தன் சொந்தப் பணத்தைப் போடுவதும் உண்டு. அதில் தப்பில்லை, அதற்கு இந்தப் பதிவு தேவையும் இல்லை. ஆனால் அது ஃபண்ட் இல்லை என்று தெரிந்து பேசுங்கள். அங்கே முடிவு எடுப்பவர் பெரியவர் ஒருவர், அவர் மனசு மாறினால் அத்தோடு சரி.

கையில் பணம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

நாங்கள் சுட்டுக்கொண்டது இங்கேதான்.

60 கோடி ஃபண்ட் என்றால் பேங்கில் 60 கோடி கிடக்கிறது என்று நினைத்திருந்தேன். அப்படி இருக்காது. பணம் போடுகிறவர்கள் "இவ்வளவு தருகிறேன்" என்று எழுதிக் கொடுப்பார்கள். தேவைப்படும்போது ஃபண்ட் நோட்டீஸ் அனுப்பும், அவர்கள் பகுதி பகுதியாக அனுப்புவார்கள். இதற்கு டிராடவுன் என்று பெயர்.

எங்களுக்கு டெர்ம் ஷீட், அதாவது முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய முதல் தாள், கொடுத்தது ஒரு சின்ன ஃபண்ட், பெயர் வேண்டாம். ஒன்றரைக் கோடி. 60 நாளுக்கு வேறு யாரிடமும் பேசக்கூடாது என்று ஒரு வரி. கையெழுத்துப் போட்டோம். அப்போது பேசிக்கொண்டிருந்த இன்னொருவரிடம் மரியாதையாக வேண்டாம் என்று சொன்னோம். 60 நாள் 120 ஆனது. வழக்கறிஞர் கேள்விப் பட்டியல் அனுப்புவார், நாங்கள் ராத்திரியெல்லாம் உட்கார்ந்து பதில் அனுப்புவோம், மறுபடி ஒரு பட்டியல் வரும். தீபாவளி வந்தது. "எங்க இன்வெஸ்டர்ஸ் ரெண்டு பேர் இந்த மாசம் டைட்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி. அன்றுதான் புரிந்தது, அவர்களுக்கு எழுதிக் கொடுத்தவர்களே இன்னும் அனுப்பவில்லை. அந்த மாதச் சம்பளம் என் அக்காவின் நான்கு வளையலை வைத்து வாங்கிய நகைக்கடனில் போனது. ஃபண்டிலிருந்து ஒரு ரூபாய் வரவில்லை, வராது என்று யாரும் சொல்லவும் இல்லை. பதில் வருவது மெல்ல மெல்ல நின்றுவிட்டது.

அதிலிருந்து மூன்று கேள்விகளை விடாமல் கேட்கச் சொல்கிறேன். முதல் க்ளோஸ் முடிந்துவிட்டதா? இதுவரை எத்தனை சதவீதம் டிராடவுன் ஆகியிருக்கிறது? கடைசி முதலீட்டில் டெர்ம் ஷீட் போட்ட தேதிக்கும் பணம் போன தேதிக்கும் இடையில் எத்தனை நாள்? வேறு யாரிடமும் பேசக்கூடாது என்ற நிபந்தனைக்கு 45 நாள் போதும், நீட்டிப்புக்கு உங்கள் கையெழுத்து வேண்டும் என்றும் எழுதச் சொல்லுங்கள்.

அவர்கள் சொல்வது உண்மையா என்று நாமே பார்க்க வழி உண்டா?

உண்டு, 100 ரூபாய் செலவு. இது பலருக்குத் தெரியாது.

ஃபண்டின் வெப்சைட்டில் அவர்கள் பணம் போட்ட நிறுவனங்களின் லோகோக்கள் இருக்கும். அவற்றில் இரண்டு மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ. தளத்தில் ஒரு நிறுவனத்துக்கு 100 ரூபாய் கட்டினால் அது தாக்கல் செய்த பொது ஆவணங்களைப் பார்க்கலாம். அதில் பி.ஏ.எஸ்-3 என்ற படிவத்தைத் தேடுங்கள். பங்கு ஒதுக்கியதற்கான கணக்கு அது. யாருக்கு, எத்தனை பங்கு, என்ன விலை, எந்தத் தேதி என்று எல்லாம் இருக்கும்.

செய்தித்தாளில் "3 கோடி முதலீடு" என்று வந்திருக்கும். படிவத்தில் பார்த்தால் இந்த ஃபண்டின் பெயரில் 60 லட்சம், அதுவும் மூன்று தவணையில் என்று இருக்கலாம். மூன்று தவணையே தப்பு என்று சொல்லவில்லை. ஆனால் உங்களிடம் "நாங்க ஒரே தடவையில் போட்டுடுவோம்" என்று சொன்னவர் அவர் என்றால் தெரிந்துகொண்டது நல்லது. இரண்டாம் சுற்று ஒதுக்கீட்டிலும் இதே ஃபண்டின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "தொடர்ந்து கூட நிற்போம்" என்பது வாய்ப்பேச்சா, நிஜமா என்று அங்கே தெரிந்துவிடும்.

உங்கள் ஆடிட்டரிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் அரை மணி நேரத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.

தொழில் மென்பொருள் புரிந்தவர்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அவர்கள் கேட்கிற கேள்வியில்.

"எத்தனை டவுன்லோட்?" என்று தொடங்கினால் அவர் நுகர்வோர் ஆப் பார்த்துப் பழகியவர். தொழில் மென்பொருளில் பணம் கட்டுகிறவர் வேறு, பயன்படுத்துகிறவர் வேறு, தடுக்கிறவர் இன்னொருவர். நம் ஊர் ஆலையில் வாங்க முடிவு செய்வது ஃபேக்டரி மேனேஜர், செல்போனில் தட்டுவது ஷிஃப்ட் சூப்பர்வைசர், "பழைய ரிஜிஸ்டரே போதும்" என்று உட்கார்ந்திருப்பது ஸ்டோர்ஸ்காரர்.

வருமானத்தில் எவ்வளவு சந்தா, எவ்வளவு இன்ஸ்டலேஷன், எவ்வளவு ஒருவருக்காக மட்டும் எழுதிக் கொடுத்தது என்று பிரித்துக் கேட்பவர் விஷயம் தெரிந்தவர். இவை மூன்றையும் ஒன்றாகக் கூட்டி வருட வருமானம் என்று நாம் சொன்னால் அங்கேயே பிடித்துவிடுவார். போன வருடம் வாங்கிய பத்துப் பேரில் எத்தனை பேர் ரினியூ செய்தார்கள், அதே பத்துப் பேர் இந்த வருடம் கூடுதலாகக் கட்டினார்களா, ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க ஆன செலவு எத்தனை மாதத்தில் திரும்புகிறது என்றும் கேட்பார்.

வசூலைப் பற்றிக் கேட்கிறாரா என்று பாருங்கள். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டம் சொல்கிறது. பில் அனுப்பினால் "அக்கவுண்ட்ஸ்ல இருக்கு சார்" என்று எத்தனை மாதம் ஓடுகிறது என்பது உங்களுக்கே தெரியும். 18 சதவீத ஜி.எஸ்.டி.யைப் பணம் வருமுன்பே கட்டிவிட்டு உட்கார்ந்திருப்போம். இந்த வலி தெரிந்த முதலீட்டாளர், "வருடச் சந்தாவை முன்கூட்டியே வாங்க முடிகிறதா?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்பார்.

எங்களுக்குக் கடைசியில் பணம் போட்ட ஃபண்டின் பார்ட்னர் ஒரு பெண்மணி. ஸ்லைடு எல்லாம் வேண்டாம், ஆலையைக் காட்டுங்கள் என்றார். மத்தியானம் ஷிஃப்ட் மாறும் நேரத்துக்கு சிப்காட்டுக்கு அழைத்துப் போனோம். சூப்பர்வைசர் பெர்மிட் புத்தகத்தில் இரண்டு கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதிக்கொண்டிருந்தார். "மூணாவது காப்பி யாருக்குண்ணா?" என்று கேட்டார் அந்த அம்மா. சூப்பர்வைசர் சிரித்தபடி, "யாருக்கும் தெரியாதும்மா, அச்சடிச்சதே மூணு காப்பியா வருது" என்றார். திரும்பி வரும்போது காரில் அந்த மூன்றாவது காப்பியைப் பற்றி மட்டுமே பேசினோம். எங்கள் மென்பொருளில் இன்று பாதுகாப்பு ஆய்வாளருக்குத் தானாகப் போகிற ஒரு பிரதி இருக்கிறதே, அது அன்று காரில் பிறந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஈ.சி.ஆர். வழியாக வந்து, சனிக்கிழமை காலை கடற்கரைச் சாலைக் காபி ஷாப்பில் 40 நிமிடம் சந்தித்துவிட்டு, ஞாயிறு கிளம்புகிற பார்ட்னர்களும் இருக்கிறார்கள். பாண்டிக்கு வருவதற்கு நாம் ஒரு சாக்கு. காபி நன்றாகத்தான் இருக்கும்.

டெர்ம் ஷீட்டில் எந்த வரியைக் கவனிக்க வேண்டும்?

எல்லோரும் மதிப்பீட்டுத் தொகையிலேயே கண்ணாக இருப்பார்கள். அதைவிட முக்கியமானது விற்கும்போது யாருக்கு முதலில் பணம் என்கிற வரி. ஃபண்டுகள் பெரும்பாலும் சாதாரணப் பங்கு வாங்காது, கட்டாயம் மாற்றப்படும் முன்னுரிமைப் பங்கு வாங்கும், பேச்சில் சி.சி.பி.எஸ்.

2 கோடி வாங்கி 20 சதவீதம் கொடுத்தீர்கள். நிறுவனம் 6 கோடிக்குத்தான் விற்றது. "போட்ட பணம் அல்லது பங்கின் அளவு, எது அதிகமோ அது" என்று எழுதியிருந்தால் ஃபண்டுக்கு 2 கோடி, மற்றவர்களுக்கு 4 கோடி. "போட்ட பணமும் வேண்டும், மீதியில் பங்கும் வேண்டும்" என்று எழுதியிருந்தால் முதலில் 2 கோடி, மிச்சமுள்ள 4 கோடியில் 20 சதவீதம் 80 லட்சம், ஆக 2.8 கோடி. உங்கள் பக்கம் 3.2 கோடி. ஒரே ஒரு வார்த்தையில் 80 லட்சம். முதல் மாதிரிதான் நியாயம், அதுவும் ஒரு மடங்குக்கு மேல் ஏறக்கூடாது.

ஊழியர்களுக்கு ஒதுக்கும் பங்கு எந்தப் பக்கத்திலிருந்து போகிறது என்று பாருங்கள். 8 கோடி மதிப்பு, 2 கோடி முதலீடு, மொத்தம் 10 கோடி. 10 சதவீதம் ஊழியர் பங்கை முதலீட்டுக்கு முன்பே உருவாக்கச் சொன்னால் அந்த ஒரு கோடி முழுவதும் உங்கள் பையிலிருந்து போகிறது. உண்மையில் உங்கள் நிறுவனத்துக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு 7 கோடி.

ஐந்து வருடத்தில் விற்க முடியாவிட்டால் நிறுவனர்கள் சொந்தப் பணத்தில் பங்கைத் திருப்பி வாங்க வேண்டும் என்று ஒரு ஷரத்து சில சின்ன ஃபண்டுகளின் ஒப்பந்தத்தில் வரும். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். பங்கு என்ற பெயரில் அது கடன். வேறு எதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் கூடாது.

விலை குறைந்த அடுத்த சுற்று வந்தால் பாதுகாப்பு கேட்பார்கள். சராசரிக் கணக்கில் என்றால் சரி. "ஃபுல் ராட்செட்", அதாவது அவர்கள் வாங்கிய விலையே முழுவதுமாகப் புது விலைக்கு இறங்கும் என்றால் வேண்டாம். உங்கள் பங்கே நான்கு வருடத்தில்தான் முழுதாக உங்களுடையதாகும் என்பது எங்கும் இருப்பதுதான், அதற்குச் சண்டை போட வேண்டாம்.

கம்பெனியைக் கடலூரில் பதிவு செய்வதா, பாண்டியிலா?

முள்ளோடை தாண்டினால் சரக்கு விலை மட்டும் மாறுவதில்லை. பாண்டி யூனியன் பிரதேசம், அதற்குத் தனியாகக் கம்பெனிப் பதிவாளர் அலுவலகம் உண்டு. கடலூர் சென்னைப் பதிவாளரின் கீழ் வருகிறது. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் தருகிற டான்சீட் மாதிரியான 10 லட்சம் அளவிலான தொடக்க நிதி தமிழ்நாட்டு நிறுவனங்களுக்கு. லாஸ்பேட்டை முகவரியை வைத்துக்கொண்டு அதைக் கேட்க முடியாது. மாநில அரசின் பணம் கலந்திருக்கும் ஃபண்டுகளும் மாநில நிறுவனங்களில் இவ்வளவு போட வேண்டும் என்ற நிபந்தனையோடு வரக்கூடும். முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். மாநிலம் விட்டு மாநிலம் பதிவு அலுவலகத்தை மாற்ற சிறப்புத் தீர்மானம், செய்தித்தாள் விளம்பரம், கடன்காரர் பட்டியல், மண்டல இயக்குநரின் அனுமதி என்று மாதக்கணக்கில் இழுக்கும். டீம் லாஸ்பேட்டையில், வாடிக்கையாளர் கடலூரில் என்று இருக்கிற எங்களைப் போன்றவர்கள் தொடங்கும்போதே இதை யோசித்திருக்க வேண்டும். நாங்கள் யோசிக்கவில்லை.

யாரிடம் விசாரிப்பது?

ஃபண்ட் கொடுக்கும் பட்டியலில் இருப்பவர்கள் நல்லதுதான் சொல்வார்கள். அதில் இல்லாதவர்களைத் தேடுங்கள், முக்கியமாக மூடிப்போன நிறுவனத்தின் நிறுவனர்களை. எம்.சி.ஏ. ஆவணத்தில் பெயர் கிடைத்துவிடும்.

"அவங்க எப்படி?" என்று கேட்டால் "நல்லவங்கதான்" என்று முடிந்துவிடும். "சம்பளம் போட முடியாத மாதம் வந்ததா, அப்போது என்ன செய்தார்கள்?" என்று கேளுங்கள். பதிலுக்கு முன் போனில் ஒரு மௌனம் வந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஸோஹோ வெளிப்பணம் வாங்காமலே வளர்ந்ததே?

ஆமாம். 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி 2009-இல் ஸோஹோ ஆனது, வென்ச்சர் பணம் வாங்காமல். அதே சென்னையில் 2010-இல் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் வென்ச்சர் பணம் வாங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. இரண்டு வழியும் நம் பக்கத்திலேயே நடந்திருக்கிறது.

உங்கள் வாடிக்கையாளர் வருடச் சந்தாவை முன்னாடியே கட்டுகிறார், மாதம் ஒன்றிரண்டு புதிதாக வருகிறார்கள் என்றால் பொறுமையாகச் சொந்தக் காலில் போகலாம். நம் ஊர்ச் செலவுக்கு அது சாத்தியம். இரண்டு வருடம் ஆராய்ச்சி செய்த பிறகே விற்க முடியும், அல்லது உங்களுக்கு முன் வேறொருவர் சந்தையைப் பிடித்துவிடுவார் என்றால்தான் வெளிப்பணம். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்ட் திட்டத்தில், புதுத் தொழில்களை வளர்த்துவிடும் இன்குபேட்டர் மையங்கள் வழியாக 20 லட்சம் வரை மானியம் கொடுத்தார்கள். பதிவாகி இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இப்போதும் விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

ஏஞ்சல் டாக்ஸ் வருமா?

வராது. பங்கை நியாய மதிப்பைவிட அதிக விலைக்குக் கொடுத்தால் அந்தக் கூடுதல் தொகைக்கு நிறுவனம் கட்ட வேண்டியிருந்த வரி அது. 2012-இல் வந்தது, 2024 ஜூலை பட்ஜெட்டில் எடுத்துவிட்டார்கள். 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இல்லை. ஆனால் கம்பெனிச் சட்டப்படி பங்கு விலைக்குப் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கை இன்னும் வேண்டும்.

"ஃபண்ட் வாங்கித் தருகிறேன், முதலில் 50,000 கட்டுங்கள்" என்கிறார் ஒருவர்.

கட்டாதீர்கள்.

எல்லாம் கையெழுத்தாகிவிட்டது. பணத்தை எப்போது செலவு செய்யலாம்?

ஒப்பந்தம் முடிந்தவுடன் தனியாக ஒரு பேங்க் கணக்கு தொடங்கி அதில்தான் பணம் வாங்க வேண்டும். பணம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். தவறினால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும், அதுவும் தாண்டினால் 12 சதவீத வட்டி. ஒதுக்கிய 15 நாளுக்குள் பி.ஏ.எஸ்-3 தாக்கல் செய்ய வேண்டும், அது செய்யும்வரை அந்தப் பணத்தைத் தொடக்கூடாது. கம்பெனிச் சட்டம் 42-ஆம் பிரிவு.

எங்களுக்குப் பணம் ஒரு வியாழக்கிழமை வந்தது. ஆடிட்டர் படிவத்தைத் தாக்கல் செய்து முடித்தது அடுத்த செவ்வாய். நடுவில் ஐந்து நாள் கணக்கில் கோடி ரூபாய் இருந்தது, ஆபீஸ் இன்டர்நெட் பில்லை நான் என் கார்டில் கட்டினேன். செவ்வாய் சாயங்காலம் பேங்குக்குப் போய் முதலில் செய்தது அந்த நகைக்கடனை அடைக்க என் பழைய சம்பள பாக்கியை எடுத்ததுதான். வளையல் நான்கும் அக்காவிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்றில் மட்டும் கொக்கி கொஞ்சம் தளர்ந்திருந்தது.